அண்ணன் குடுத்துவுட்டாங்க

“நீ பேப்பர்ல எழுதிட்டா எங்க வாய்க்கால்ல தண்ணி வந்துடப்போவுதா?”

பெரியம்மா இதைக் கேட்டபோது நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்றேன். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் நோட்டு. பக்கத்தில் பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். அம்மாவுக்கும் அவளுடைய அக்காவான இந்தப் பெரியம்மாவுக்கும் கட்டைவிரல்தான் கையெழுத்து. அப்பாவுக்குத் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கோலம் போடுவதுபோல் போடத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து தஞ்சாவூருக்குப் போய் வெகுசன ஊடகம் என்ற படிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். டீச்சருக்குப் படி, நர்ஸுக்குப் படி என்று புத்தி சொன்னவர்களிடமெல்லாம், “இது என்ன படிப்புன்னு உங்களுக்குப் புரியாது” என்று சொல்லிவைத்திருந்தேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

“தண்ணி வராது. தண்ணி ஏன் வரலன்னு கேக்க வைக்கும்” என்றேன்.

“அட, கேக்க வைக்குமாமுல்ல!” பெரியம்மா நாற்றைக் காலில் அடித்துச் சேற்றை உதறினாள். என் சுடிதாரில் தெறித்தது. “கேக்குறதுக்கு நாங்க என்ன வாயி இல்லாமயா கெடக்கோம்? கேட்டுக் கேட்டு வாயிதான் காஞ்சுபோச்சு. எழுதுடி, எழுது. வந்ததுக்கு அந்த முடிய எடுத்து இப்புடி வீசு.”

கடைசி வருடம் எங்கள் துறையில் இரண்டு வேலை கொடுப்பார்கள். ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அங்கே ஊடகம் என்ன செய்கிறது என்று கள ஆய்வு செய்ய வேண்டும். பிறகு ஒரு மாதம் ஏதாவது நாளிதழ் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும். ஆய்வுக்கு நான் எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டேன். குடவாசலுக்குப் பக்கம். அரசாங்கத்தின் இலவச கலர் டிவி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்த சமயம் அது. கூரை வீட்டுக்குள்ளும் ஒரு டிவி, அதன்மேல் குரோஷா பின்னிய துணி. நான் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். தினமும் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள், எந்தச் செய்தியை நம்புவீர்கள், செய்தி பார்த்து ஓட்டை மாற்றிப் போட்டதுண்டா என்றெல்லாம் கேட்டேன். சொந்தக்காரர்களிடம் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதில் ஒரு சுகம் இருந்தது.

மாமா ஒருவர் நம்பிக்கை பற்றிய கேள்விக்கு இப்படிச் சொன்னார்: “ரெண்டு கட்சிக்கும் ரெண்டு டிவி. இவன் ஆமாம்பான், அவன் இல்லம்பான். காலையில சொன்னத சாயங்காலம் மாத்திக்குவான். பேப்பர்ல வந்துச்சுன்னா வந்ததுதாம்மா. அத யாரு அழிக்கிறது?”

நான் அந்த வரியை அடிக்கோடிட்டேன். ஆய்வுக்கு நல்ல மேற்கோள் கிடைத்தது என்று மட்டும்தான் நினைத்தேன்.

பெரியம்மாவின் வயலுக்குப் போனதும் அந்த ஆய்வுக்காகத்தான். அவள் சாகுபடி செய்வது மூன்று மா நிலம், ஒரு ஏக்கர். ரோட்டை ஒட்டிய, வாய்க்கால் பாயும் நல்ல நிலம். ஊர்க் கோயிலுக்குச் சொந்தமானது. கோயில் ஏட்டில் குத்தகைக்காரர் என்று வேறொருவர் பெயர் இருக்கிறது. பெரிய தெருவைச் சேர்ந்த அவர் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்விட்டார். போகும்போது பெரியப்பாவைக் கூப்பிட்டு, “நீங்க பாத்துக்குங்க, எம்பேரு அப்புடியே இருக்கட்டும்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனார். இதற்கு உள்குத்தகை என்று பெயர். எங்கள் பக்கத்தில் கோயில் நிலம், மடத்து நிலம் பாதி இப்படித்தான் நடக்கிறது. ஏட்டில் ஒருவர், சேற்றில் ஒருவர். சட்டப்படி இது கூடாது. தெரிந்தால் குத்தகையை ரத்து செய்து நிலத்தை ஏலம் விடலாம். ஆனால் தெரியாதவர் யாரும் இல்லை. சொல்கிறவர்தான் யாரும் இல்லை.

பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா தனியாகச் செய்தாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒவ்வொரு வருடமும் சம்பா அறுத்து முடித்ததும் மாசியில் கோயில் அலுவலகத்துக்குப் போய்க் குத்தகை அளந்துவிட்டு வருவாள். அங்கே என்ன நடக்கும் என்பதை அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து சோறு தின்னும்போது எனக்கு நடித்துக் காட்டினாள்.

கழுத்தை நீட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு கோயில் கணக்கர் ஆனாள்: “யாரும்மா? என்ன?”

உடனே குரலைத் தாழ்த்திப் பெரியம்மா ஆனாள்: “அண்ணன் குடுத்துவுட்டாங்க.”

“அண்ணன் சௌக்கியமா?”

“சௌக்கியங்க.”

“இந்த வருசம் அண்ணன் உளுந்து தெளிச்சிருக்காரா? எனக்கு ரெண்டு மரக்கா எடுத்து வைக்கச் சொல்லு.”

நாற்று முடி கட்டுகிற பெண்கள் புரையேறச் சிரித்தார்கள். “அந்த அண்ணன் சிங்கப்பூர்லேந்து பறந்து வந்து உளுந்து தெளிச்சுட்டுப் போறாருடி” என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதினேன். பெரியம்மா என் பேனா ஓடுவதைப் பார்த்துவிட்டு, சோற்றுக் கையை நீட்டி, “ஏன்டி, இத எழுதிடாதடி” என்றாள்.

கையின் வேகத்தில் அதையும் எழுதிவிட்டேன். நோட்டில் இருக்கிறது. கணக்கரின் கேள்வி, அவள் பதில், அதன் கீழே அடைப்புக்குறிக்குள்: இத எழுதிடாதடி.

மார்கழியில் பயிற்சிக்குப் போனேன். பொங்கல் இணைப்புக்குப் பெண் விவசாயிகளைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த பெண் விவசாயி பெரியம்மாதான். ஒரே உட்காரலில் எழுதி, துணை ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா தூங்குது” என்றார். “உழைக்கிறாங்க, கஷ்டப்படுறாங்க, சரி. அந்தம்மா பேசுன மாதிரி ஒரே ஒரு வரி குடு. எந்திரிச்சு உக்காந்துடும்.”

என்னிடம் அந்த வரி இருந்தது.

அதை எழுதச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அப்படி ஒரு வரி இருப்பதே அவருக்குத் தெரியாது. வேறு வரிகளும் நோட்டில் இருந்தன. வாய் காய்ந்துபோச்சு என்றதைக்கூட எழுதியிருக்கலாம். ஆனால் இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசைக்கு டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் எழுதிவிட்டேன்: இருபது வருடமாக இவர் பாடுபட்டு விளைவிக்கும் கோயில் நிலத்தின் குத்தகைச் சீட்டு வெளிநாட்டில் வசிக்கும் வேறொருவர் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் குத்தகையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ‘அண்ணன் குடுத்துவுட்டாங்க’ என்று சொல்லிவிட்டு வருகிறார் இவர்.

துணை ஆசிரியர் தொடையில் தட்டினார். “இதாம்மா! இத ஏன் மறைச்சு வச்சிருந்தே?”

போகிக்கு முதல் நாள் கட்டுரை வந்தது. நாற்று முடியோடு பெரியம்மாவின் படம், ஊர் பெயர், கீழே கறுப்பு எழுத்தில் என் பெயர். பத்துப் பிரதிகளோடு கும்பகோணத்தில் பஸ் மாறி ஊருக்கு வந்தேன். அப்பா என் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். என் தலைப்பெழுத்து அவருடைய முதல் எழுத்து. அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த எழுத்து. “இது நான்ல்ல?” என்றார். “நீங்கதாம்ப்பா.” அன்று முழுவதும் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சாயங்காலம் பெரியம்மா வீட்டில் பாதித் தெரு கூடிவிட்டது. டிவியை நிறுத்திவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டு, செய்தி வாசிக்கிறவளைப்போல் குரலைச் சீராக்கிக்கொண்டு படித்தேன். வாய்க்கால் வந்தது, நாற்று வந்தது, பெரியப்பா இறந்தது வந்தது. அம்மா மூக்கைச் சிந்தினாள். அந்த வரி வந்தது. என் கண் அதைப் பார்த்தது, வாய் தாண்டிப் போய் அடுத்த பத்தியில் இறங்கியது. ஒரு மூச்சுகூடத் தடுக்கவில்லை.

“இன்னொருக்கா படி” என்றாள் பெரியம்மா.

படித்தேன். தாண்டினேன்.

திருப்பூரிலிருந்து மகன் போனில் கூப்பிட்டான். “அவனும் கேக்கட்டும், இன்னொருக்கா படிடி.” மூன்றாவது முறை தாண்டியபோது எனக்கு அது பழகியே போயிருந்தது.

பெரியம்மா பேப்பரைக் குடவாசலில் கொடுத்து லேமினேட் செய்து, டிவிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், “எம்மவ எழுதுனது” என்று காட்டுவாள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இல்லாமல் இல்லை. ஆனால் வந்தவர்கள் படத்தைத்தான் பார்த்தார்கள்.

வேறொருவர் முழுதாகப் படித்திருந்தார். ஆளுங்கட்சியில் எங்கள் ஊர்க் கிளையில் பொறுப்பில் இருப்பவர், கரை வேட்டிக்காரர். ரோட்டோர நிலம் என்பதால் அவருக்கு அந்த மூன்று மாவில் வெகுநாளாக ஒரு கண். பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து, கோயில் நிலம் முறைகேடாக உள்குத்தகையில் இருக்கிறது, ரத்து செய்து ஏலம் விட வேண்டும் என்று மேலே மனு போட்டுவிட்டார். எங்களுக்கு அது தெரியாது.

மாசியில் பெரியம்மா வழக்கம்போல் கோயில் அலுவலகத்துக்குப் போனாள். நான் தஞ்சாவூரில் இருந்தேன். அந்தச் சனிக்கிழமை வந்தபோது அவளே சொன்னாள். இந்த முறை நடித்துக் காட்டவில்லை.

கணக்கர் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அவளாகவே, “அண்ணன் குடுத்துவுட்டாங்க” என்றிருக்கிறாள். “அண்ணனா?” என்று கேட்டுவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து அந்த வரியைச் சத்தமாகப் படித்திருக்கிறார். அலுவலகத்தில் நாலு பேர் இருந்திருக்கிறார்கள்.

“நான் சொன்னேன்டி, அப்புடியெல்லாம் அதுல இல்லிங்க, எம்மவ மூணு தடவ படிச்சுக் காட்டுனா, எனக்கு மனப்பாடம், நீங்களா சேத்துப் படிக்காதீங்கன்னேன். அவரு சிரிச்சாரு. வெரல வச்சுக் காட்டுனாரு. எனக்கு என்ன தெரியும், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.” பெரியம்மா ஆணியிலிருந்து அந்தப் பேப்பரைக் கழற்றி என் மடியில் வைத்தாள். “இதுல இருக்கா, இல்லையா?”

நான் அதைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பிளாஸ்டிக்கில் என் முகம் தெரிந்தது.

“இருக்கு பெரியம்மா. நான் எழுதல. ஆபீஸ்ல சேத்துட்டாங்க.”

என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. படித்தபோது ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “பேப்பர்காரனுக்கென்ன, எங்கேயோ ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதுறான்” என்றாள். “நீ என்ன பண்ணுவ, பொட்டப்புள்ள.” பேப்பரைத் திரும்ப மாட்டவில்லை. டிவிக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

ஊர் முழுவதும் பேப்பர்காரனைத் திட்டியது. பொய்யன், காசு வாங்கியிருப்பான், கட்சிக்காரனுக்குக் கையாள் என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து, எங்கள் துறையில் படித்த வார்த்தைகளைப் போட்டுத் திட்டினேன். பரபரப்புக்காகச் செய்தியை எப்படித் திரிக்கிறார்கள், எளியவர்களின் குரலை எப்படி விற்கிறார்கள் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரு வரி வேண்டும் என்று கேட்டதைத் தவிர அந்தத் துணை ஆசிரியர் எந்தப் பாவமும் அறியாதவர்.

அதைவிட மோசமானது வகுப்பில் நடந்தது. பங்குனியில் ஆய்வைத் துறையில் வாசிக்க வேண்டும். சமூகத்தின்மேல் ஊடகத்தின் தாக்கம் என்ற பகுதிக்கு நான், எழுதியவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எங்கள் ஊர்ச் சம்பவத்தையே எடுத்துக்கொண்டேன். இருபது வருடம் எல்லோரும் வாயால் சொல்லிச் சிரித்த ஒரு விஷயம் ஆதாரமாகவில்லை. அச்சில் வந்த அன்றைக்கு ஆதாரமாகிவிட்டது என்று சொன்னேன். கணக்கருக்கு அது புதிய தகவல் அல்ல. ஆனால் இனிமேல் தெரியாததுபோல் இருக்க முடியாதபடி அச்சு அவரைப் பிடித்துவிட்டது என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். துறைத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். ஒரு மாணவி கேட்டாள்: “அந்த நிருபருக்கு விளைவு தெரியாதா?”

“தெரிந்திருக்க வாய்ப்புண்டு” என்றேன். படர்க்கையில்.

நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது வயலில் உளுந்து காய்த்திருந்தது. சிங்கப்பூருக்குப் போன் போட்டோம். “எனக்கெதுக்கு வம்பு தங்கச்சி, நெலம் வேணாம்னு நான் எழுதிக் குடுத்துடுறேன்” என்று வைத்துவிட்டார். அம்மா தாலுகாவில் விவசாயிகள் சங்கத்தில் இருக்கும் ஒருவரைக் கூட்டிவந்தாள். டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார். பேச்சோடு பேச்சாக வெற்றிலை போட்டுக்கொண்டே இருந்தார். நோட்டீஸைப் படித்துவிட்டு, டிவிக்குப் பின்னாலிருந்து பேப்பரையும் வாங்கிப் படித்தார். சிரித்தார்.

“அவனுவ இத வச்சுத்தான் உள்குத்தகைங்கிறானுவ. நாம இதையே வச்சுக் கேப்போம். சரிங்க, அப்ப உழுறது யாரு? இந்தம்மாதானே? உழுறவங்க பேர்லயே குத்தகையப் பதிவு பண்ணுங்கன்னு மனு போடுவோம். அப்புடிப் பண்ணிக் குடுத்திருக்காங்க, பண்ணாமயும் வுட்டுருக்காங்க. கேட்டாத்தான் உண்டு.”

“அதான் பேப்பர்லயே இருக்கேங்க, பத்தாதா?” என்றாள் அம்மா.

“அவனுக்குன்னா பேப்பரு ஆதாரம். நமக்குன்னு வந்தா, பேப்பர்காரன் ஆயிரம் எழுதுவாம்பாங்க. எழுதுனவங்க வந்து சொல்லணும். எதப் பாத்து எழுதுனாங்களோ அதுவும் வரணும். இந்தச் சண்ட வர்றதுக்கு முன்னாடி எழுதுனது எதாச்சும் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே பேப்பரைத் திருப்பி, கீழே இருந்த பெயரைப் படித்தார். “இது யாரு?”

அம்மா என்னைக் காட்டினாள்.

“அட, வீட்டுக்குள்ளயே நிருபர வச்சுக்கிட்டா என்னயக் கூப்புட்டீங்க? நோட்டு வச்சிருக்கியாம்மா?”

“இருக்கு” என்றேன்.

இருந்தது. ஆய்வு நோட்டுகளில் வழிகாட்டி ஆசிரியர் வாரம் ஒரு முறை பக்க எண் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். ஒரு வரிகூடப் படிக்க மாட்டார், கையெழுத்து மட்டும் தவறாது. அந்தப் பக்கத்திலும் இருந்தது. எந்த ரக விதை, எந்த மடையிலிருந்து தண்ணீர், எந்த வெள்ளத்தில் அழுகிப்போய் மறுநடவு செய்தாள், பெரியப்பாவிடம் எந்த வார்த்தை சொல்லி நிலத்தைக் கொடுத்தார்கள், குத்தகையை யார் சுமந்துகொண்டு போவது, எல்லாம் அவள் வாயால் சொன்னபடியே இருந்தன. பெரியம்மாவுக்கு வேண்டியது அத்தனையும் அந்த இரண்டு பக்கங்களில். அதன் நடுவே, அதே மையில், என் கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள் அந்த இரண்டு சொற்கள்.

விடுதி அறையில் பிளேடை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுவதும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளைக் கிழித்தால் மறுநடவும் மடையும் போய்விடும். வரியை மட்டும் சுரண்டினால் தாள் ஓட்டையாகும், நோட்டுக்கே மதிப்பு போய்விடும். அப்படியே கொடுத்தால் அதிகாரி படிப்பார். சத்தமாகப் படிப்பார். பெரியம்மா பக்கத்தில் நிற்பாள். ஏற்கெனவே ஒருமுறை இன்னொருவர் வாயால் கேட்டுவிட்டு, ‘எம்மவ அப்புடிப் படிக்கல’ என்று எனக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்தவள். இரண்டாவது முறையும் வேறு யார் வாயாலோ அவள் கேட்கக் கூடாது என்று தோன்றியது. இது நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மாட்டிக்கொள்வதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்ற பயம்தான் பாதி.

மறுநாள் காலை முதல் பஸ் பிடித்து வயலுக்குப் போனேன். பெரியம்மா உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறினால் காய் வெடிக்கும் என்று விடியலிலேயே வந்திருந்தாள்.

“படிச்சுக் காட்டணும் பெரியம்மா” என்றேன்.

“என்னத்த?”

பேப்பரை முதலில் படித்தேன். தாண்டாமல் படித்தேன். பிறகு நோட்டைப் படித்தேன். கணக்கரின் கேள்வி, அவள் பதில், உளுந்து, அடைப்புக்குறி. “இத எழுதிடாதடி” என்று அவளுடைய வார்த்தையை அவளிடமே படித்தேன்.

அவள் நிமிரவில்லை. கை வேலையை நிறுத்தவில்லை.

“அப்ப ஆபீஸ்ல சேக்கல.”

“இல்ல. நான்தான் எழுதுனேன்.”

“படிக்கிறப்ப நீதான் தாண்டுன.”

“ஆமா.”

“மூணு தடவயுமா?”

“மூணு தடவயும்.”

இரண்டு பாத்தி தள்ளிப் போனாள். நானும் போனேன். அங்கே போய்த்தான் பேசினாள். “அந்தப் பேப்பர்காரன மண்ண வாரித் தூத்துனனே. பாவம், அவன் புள்ளகுட்டிக்காரனோ என்னமோ.”

எனக்கு அழுகை வந்தது. “அழுவாத. அழுதா நான் ஒன்னையத் தேத்தணும், எனக்கு வேல கெடக்கு” என்றாள். “அந்தப் பக்கம் புடுங்கு. காயப் புடிச்சு இழுக்காத, அடியில புடி.”

வெயில் ஏறும்வரை பிடுங்கினோம். கட்டுகளை வரப்பில் போட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “அந்த நோட்ட குடுத்தா நெலம் நிக்குமா?”

“நிக்கலாம். நிக்காமயும் போவலாம்.”

“ஒனக்கு என்ன ஆவும்?”

“அதுல இருக்கறத எல்லாரும் படிப்பாங்க.”

“ம்.” அவிழ்ந்திருந்த ஒரு கட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, “குடு” என்றாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் இதையும் சொன்னாள்: “மனுவுல கட்டவெரலு வைக்கணும்ல? எங்க வைக்கணும்னு நீ காட்டு, வைக்கிறேன். ஆனா வைக்கிறதுக்கு முன்னாடி வேற யாரயாவது ஒருக்கா படிக்கச் சொல்லிட்டு வைக்கிறேன்.”

அன்றிலிருந்து எனக்குக் காதில் நிற்பது இந்த வாக்கியம்தான். என் பெயரைப் பேப்பரில் பார்த்துப் பூரித்த அந்த வீட்டில், அந்தப் பெயருக்கு இப்போது சரிபார்க்கும் ஆள் வேண்டியிருக்கிறது.

அவள் சொன்னபடியே செய்தாள். குடவாசல் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் எழுதி எடுத்துப் போன மனுவை அவர்களில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நீட்டி, “படிங்கய்யா, ஒண்ணு வுடாமப் படிங்க” என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், படித்தார். நான் பக்கத்தில் நின்று என் எழுத்தை அந்நியர் வாயில் கேட்டேன். முடிந்ததும், “நீ சொன்னதேதான் இருக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மையில் விரலைத் தொட்டாள்.

உள்ளே ஜன்னலில் இருந்தவர் மனுவை வாங்கிக்கொண்டு, நிமிராமல், “யாருதும்மா?” என்று கேட்டார்.

பெரியம்மாவுக்கு ‘அண்ணன்’ என்றுதான் வாயில் வந்தது. இருபது வருடத்துப் பழக்கம். பிறகு, “என்னுதுங்க” என்றாள்.

மனு என்ன ஆகும் என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. விசாரணை முடியும்வரை ஏலத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துறைத் தலைவரிடம் அந்த நிருபர் யாரென்று இன்னும் நேரில் சொல்லவில்லை. அவரும் இதைப் படிப்பார்.

“கூட என்ன வெக்கிறீங்க?” என்று ஜன்னல்காரர் கேட்டபோது நான் நோட்டைக் கொடுத்தேன். ஒரு பக்கமும் குறையவில்லை. அவர் எண்ணிப் பார்த்து, எழுதியவர் இங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளைத் தள்ளினார். அப்பாவின் எழுத்தை முதலில் போட்டு, என் பெயரை முழுதாக எழுதினேன்.